கண்ணளவு போதாது

(அம்பத்தூரில் தாய்மார்களும் செவிலியர்களும் கூடியிருந்த அவையில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பற்றி இன்றைய மருத்துவ ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பேசச் சொன்னார்கள். எல்லாவற்றையும் தொட்டுப் பேசினால் எதுவும் மனத்தில் நிற்காது. அதனால் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் ஏற்படும் உதிரப்போக்கு ஒன்று. பிள்ளைகளின் சொத்தைப் பல்லில் வைத்து அடைக்கும் பொருள் இன்னொன்று. இரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உதிரப்போக்கில் இருக்கிற ஆபத்தை நம் கண் குறைத்துக் காட்டுகிறது. பல் அடைப்பில் நம் பயம் ஆபத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. இரண்டு இடத்திலும் உண்மையை எடுத்துச் சொன்னது அளந்து பார்த்த ஆராய்ச்சிதான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நாள் தள்ளி இரண்டு மாதம். ஒரு காலையில் லேசாக உதிரம் படுகிறது. வீடே கலங்கிப்போகும். "ஷேர் ஆட்டோவில் போகாதே என்று சொன்னேனே, குடம் தூக்காதே என்று சொன்னேனே" என்பார் மாமியார். அந்தப் பெண்ணும் எல்லாம் தன்னால்தான் என்று அழுவாள். முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு கர்ப்பிணிக்கு இப்படி உதிரம் படுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பம் நிலைத்துக் குழந்தை பிறக்கிறது. கலைந்துபோகும் கருக்களில் சுமார் பாதி, குரோமோசோம் கோளாறால் தொடக்கத்திலிருந்தே வளர வழியில்லாதவை. ஆட்டோவும் குடமும் மாடிப்படியும் அதற்குக் காரணம் அல்ல. இதை இங்கே இருக்கும் மாமியார்கள் எல்லோரும் மருமகளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குற்ற உணர்ச்சியோடு கிடக்கிற பெண்ணுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது.

இந்த நேரத்தில் நம் ஊரில் இரண்டு வைத்தியம் நடக்கிறது. ஒன்று பெட் ரெஸ்ட். நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் கரு தங்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் சம்பளம் போவது நிச்சயம். தினக்கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் வேலை செய்கிற பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இன்னொன்று புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். ஊசியாக, மாத்திரையாக, உள்ளே வைக்கும் மருந்தாக எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். இதைப் பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆரி குமாரசாமி தலைமையில் பிரிட்டனின் 48 மருத்துவமனைகளில் சோதித்தார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் உதிரம் கண்ட 4,153 பெண்கள் சேர்ந்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு மருந்து போலவே இருக்கும் வெற்றுப் பொருள் என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. எதைப் பெறுகிறோம் என்பது பெண்ணுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2019-இல் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களில் 75 சதவீதம் பேருக்கு உயிருடன் குழந்தை பிறந்தது, பெறாதவர்களில் 72 சதவீதம் பேருக்கு. மருந்தால்தான் என்று உறுதியாகச் சொல்லுமளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை.

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. ஏற்கெனவே மூன்று முறையோ அதற்கு மேலோ கரு கலைந்தவர்களைத் தனியாகப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் 72 சதவீதம், பெறாதவர்களில் 57 சதவீதம் என்று வந்தது. அந்தப் பெண்களுக்கு இது பெரிய வரம். ஆகவே எல்லோருக்கும் ஹார்மோன் என்பதும் சரியில்லை, யாருக்குமே வேண்டாம் என்பதும் சரியில்லை. முன்பு கரு கலைந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பல பெண்கள் கணவருக்கும் தெரியாமல் அதை மனத்துக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு தகவல்தான் சிகிச்சையையே மாற்றுகிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். உதிரத்தோடு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, மயக்கம், தோள்பட்டை வலி என்று வந்தால் காத்திருக்கக் கூடாது. கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கடைசி மூன்று மாதத்தில் வலியே இல்லாமல் திடீரென்று சிவப்பாக உதிரம் வந்தால், நஞ்சுக்கொடி கீழே அமைந்து கர்ப்பப்பை வாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். முதல் பிரசவம் சிசேரியன் என்றால் இந்த ஆபத்து கூடுகிறது, பழைய தழும்பிலேயே நஞ்சு வேர்விட்டு ஒட்டிக்கொள்ளவும் கூடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64. தேவைக்குச் செய்யும் சிசேரியன் உயிர் காக்கிறது. நல்ல நேரம் பார்த்துக் கேட்டு வாங்கும் சிசேரியன், அடுத்த பிரசவத்தின் உதிரப்போக்குக்கு இன்றே வழி வைக்கிறது. நாள் நட்சத்திரம் குறித்துக்கொண்டு வருகிற குடும்பங்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

இனி பிரசவத்துக்கு வருவோம். பேச்சின் மையம் இதுதான். உலகில் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 45,000 தாய்மார்கள் பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கால் இறக்கிறார்கள். குழந்தை பிறந்தபின் கர்ப்பப்பை கல்லுப்போல இறுக வேண்டும். இறுகினால் நஞ்சு பிரிந்த இடத்தின் ரத்தக் குழாய்கள் தாமாக நெரிபட்டு மூடிக்கொள்ளும். இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் ரத்தம் நிற்காது. சில பெண்கள் இரண்டு மணி நேரத்தில் இறந்துபோகிறார்கள். 500 மில்லிக்கு மேல் போனால் அதிக உதிரப்போக்கு என்பது நெடுநாள் வரையறை. நம் அம்பத்தூர் பால் பண்ணையிலிருந்து வருகிற அரை லிட்டர் ஆவின் பாக்கெட் அளவு. பாக்கெட்டாக இருந்தால் யாருக்கும் தெரியும். மெத்தையிலும் துணியிலும் பஞ்சிலும் ஊறி, பனிக்குட நீரோடு கலந்து, மேஜைக்குக் கீழே சொட்டினால் எத்தனை பாக்கெட் என்று யாரால் சொல்ல முடியும்? இருபது வருட அனுபவம் உள்ள நர்ஸாலும் முடியாது, என்னாலும் முடியாது.

இதற்கு விடை பக்கத்து மாநிலத்திலிருந்து வந்தது. கர்நாடகத்தில் பெல்காம் ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்க சகாக்களோடு சேர்ந்து, ஒரு பிளாஸ்டிக் விரிப்பைச் செய்தார்கள். பிரசவமானதும் தாயின் இடுப்புக்குக் கீழே விரித்துக் கட்டிவிடுவது. நுனியில் கூம்பாக ஒரு பை, பையில் அளவுக் கோடுகள். ரத்தம் அதில் இறங்கும், கோட்டைப் பார்த்துப் படிக்க வேண்டியதுதான். இந்தப் பையோடு ஒப்பிட்டபோது, கண்ணால் மதிப்பிட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சொன்னது தெரிந்தது. மூன்றில் ஒரு பங்கு என்றால், மருந்து கொடுக்க வேண்டிய நேரத்தில் "பரவாயில்லை, பார்ப்போம்" என்று நின்றுகொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

அதே பெல்காம் கிராமங்களில் நடந்த இன்னொரு ஆய்வு 2006-இல் லான்செட் இதழில் வந்தது. வீட்டிலும் துணை சுகாதார நிலையத்திலும் பிரசவித்த 1,620 பெண்கள். கூட இருந்தவர்கள் டாக்டர்கள் அல்ல, கிராமத்து துணைச் செவிலியர்கள். குழந்தை பிறந்ததும் மிசோபுரோஸ்டால் மாத்திரையை வாயில் கொடுத்தார்கள். மாத்திரை பெற்றவர்களில் அதிக உதிரப்போக்கு 6.4 சதவீதம், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 12 சதவீதம். ஊசி வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம், மாத்திரையே ஆபத்தைப் பாதியாகக் குறைத்தது. இந்தக் கணக்கைச் சொல்ல முடிந்ததற்கும் காரணம் அந்த அளவுப் பைதான். அளவில்லாமல் இந்த ஆய்வே நடந்திருக்காது.

பெல்காமில் தொடங்கிய எண்ணம் ஆப்பிரிக்காவுக்குப் போனது. முன்னே சொன்ன குமாரசாமியின் குழுவே கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் ஓர் ஏற்பாட்டைச் சோதித்தது. எல்லாப் பிரசவத்துக்கும் அளவுப் பை. கோட்டைத் தாண்டியதும், ஒன்று கொடுத்து அது பலிக்கிறதா என்று காத்திருந்து அடுத்ததைக் கொடுக்காமல், வயிற்றை நீவி விடுவது, கர்ப்பப்பையை இறுக்கும் மருந்து, டிரானெக்சாமிக் அமிலம், குளுக்கோஸ் பாட்டில் போல ஏற்றும் திரவம், காயம் இருக்கிறதா என்ற பரிசோதனை, எல்லாம் ஒரே மூச்சில். 2023-இல் வந்த முடிவைப் பாருங்கள். வழக்கமான மருத்துவமனைகளில் அதிக உதிரப்போக்கில் பாதியைத்தான் கண்டுபிடித்தார்கள், 51 சதவீதம். பை வைத்த இடங்களில் 93 சதவீதம். கடுமையான உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதத்துக்கு இறங்கியது. புது மருந்து ஒன்றுகூட இல்லை. எல்லாம் நம் லேபர் வார்டு அலமாரியில் இருப்பவைதான். நேரத்துக்குத் தெரிந்தது, அவ்வளவே.

2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஒரு படி முன்னே போயிருக்கிறது. 500 மில்லி வரும்வரை காத்திருக்க வேண்டாம், 300 மில்லி போய், நாடியிலோ ரத்த அழுத்தத்திலோ மாற்றம் தெரிந்தாலே சிகிச்சையைத் தொடங்கலாம் என்கிறது. ரத்தசோகை உள்ள தாய்க்கு இது மிகப் பொருந்தும். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. நல்ல ரத்தம் உள்ள பெண் தாங்குகிற இழப்பை அவள் உடல் தாங்காது. இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, மலம் கறுப்பாகப் போகிறது என்று நிறுத்திவிடுகிற தங்கைகள் இதை நினைவில் வையுங்கள். கறுப்பாகப் போவதால் கெடுதல் இல்லை.

டிரானெக்சாமிக் அமிலம் என்று ஒரு பெயரைச் சொல்லிக் கடந்துவிட்டேன். அதைக் கண்டுபிடித்த அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உடாகோ ஒகமோட்டோ, ஜப்பானியர். கணவர் ஷோசுகேயோடு சேர்ந்து, உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் மருந்தைத் தேடினார். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1962-இல் அந்த மருந்தை உலகுக்கு அறிவித்தார். பிரசவ உதிரப்போக்குக்கு இது உதவும் என்று அன்றே அவருக்குத் தோன்றியது. சோதித்துப் பார்க்கும்படி உள்ளூர் மகப்பேறு மருத்துவர்களைக் கேட்டார், யாரும் முன்வரவில்லை. அரை நூற்றாண்டு கழித்து 21 நாடுகளின் 193 மருத்துவமனைகளில் 20,060 பெண்களிடம் அது சோதிக்கப்பட்டது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் இறப்பவர்களின் விகிதம் 1.7 சதவீதத்திலிருந்து 1.2 ஆகக் குறைகிறது என்று 2017-இல் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 98 வயதில் ஒகமோட்டோ காலமாகிவிட்டார். ஒரு பெண் கேட்ட கேள்வியைச் சோதிக்க உலகம் ஐம்பது வருடம் எடுத்துக்கொண்டது. இடையில் இறந்துபோன தாய்மார்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நம் பகுதிக்கு வருகிறேன். தமிழ்நாடு இந்த விஷயத்தில் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய மாநிலம். 2018-20 கணக்குப்படி நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 97 தாய்மார்கள் இறந்தபோது இங்கே 54. ஒவ்வொரு தாயின் இறப்பையும் தனித்தனியே விசாரிக்கிற வழக்கம் இங்கே வெகுகாலமாக உண்டு. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அதிர்ச்சி நிலைக்குப் போகும் தாயின் கால் முதல் வயிறு வரை இறுக்கிச் சுற்றி, ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிற அழுத்த உடையும் நம் மாநிலத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஆய்விலிருந்து பிறந்த உடை அது. ஆவடியிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ எழும்பூர் தாய்சேய் மருத்துவமனைக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். மாலை நேரத்தில் பாடி மேம்பாலத்தையும் திருமங்கலத்தையும் கடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரக் கெடுவில் ஒரு மணி நேரம் சாலையிலேயே போய்விடும். ஆகவே அனுப்புகிற இடத்தில் முதல் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்துக்கான முதல் மருந்து ஆக்சிடோசின். அதைக் குளிரில், 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் மின்சாரம் போய், குளிர்பெட்டி நின்றுபோன இடத்தில் ஊசிக்குள் இருப்பது பெயருக்கு மருந்து. சூட்டைத் தாங்கும் கார்பெடோசின் என்ற மருந்து, இந்தியா உட்பட 10 நாடுகளில் ஏறக்குறைய 30,000 பெண்களிடம் சோதிக்கப்பட்டு, உதிரப்போக்கைத் தடுப்பதில் ஆக்சிடோசினுக்கு நிகரானது என்று 2018-இல் தெரிந்தது. அதே 2018-இல் இங்கே வேறொன்று நடந்தது. மாட்டுக்குப் பால் சுரக்க ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள் என்று, அதைத் தனியார் தயாரிக்கவே மத்திய அரசு தடை போட்டது. நாடு முழுவதுக்கும் ஒரே ஓர் அரசு நிறுவனம் போதும் என்றது. தாய்மார்களின் உயிரை யோசிக்காமல் எடுத்த முடிவு என்று அப்போதே பலர் எதிர்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நீதிமன்றம் செய்தது சரி.

இனி பல்லுக்கு வருகிறேன். வழியிலேயே ஒரு பாலம் இருக்கிறது. பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018-இல் சேர்ந்தது. 2022-இல் உறுப்பு நாடுகள் கூடி எடுத்த முடிவில், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோருக்குப் பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், பல் மருத்துவர் அவசியம் என்று கருதினால் தவிர. இன்று நான் பேச வந்த இரண்டு கூட்டமும் அந்த ஒரே வரியில் இருக்கிறது.

இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வரும்போது "வெள்ளி அடைப்பு வைத்த குழந்தைக்கு மூளை கெட்டுவிடும்" என்று மாறிவிடுகிறது. ஏற்கெனவே அடைத்த பல்லை இடித்து எடுக்கச் சொல்லித் தாய்மார்கள் அலைகிறார்கள். அந்த அடைப்பில் சுமார் பாதி பாதரசம் என்பது உண்மை. அதனால்தான் அதை இரண்டு இடத்தில் அளந்தார்கள். அமெரிக்காவில் 534 பிள்ளைகள், போர்ச்சுகலில் 507 பிள்ளைகள். பாதிப் பேருக்கு வெள்ளி அடைப்பு, பாதிப் பேருக்குப் பல் நிறத்துக் காம்போசிட், குலுக்கல் முறையில். ஐந்து வருடம், ஏழு வருடம் என்று பின்தொடர்ந்து அறிவுத்திறன், நினைவாற்றல், கவனம், சிறுநீரகம் எல்லாம் சோதித்தார்கள். வெள்ளி அடைப்புப் பிள்ளைகளின் சிறுநீரில் பாதரசம் சற்றுக் கூடுதலாக இருந்தது. மூளையின் செயல்பாட்டில் வித்தியாசம் காணவில்லை. 2006-இல் இரண்டு முடிவுகளும் ஒன்றாக வெளியாயின.

பிறகு, 2012-இல் அதே அமெரிக்கப் பிள்ளைகளின் கணக்கை மறுபடி பார்த்தபோது, பாதுகாப்பானது என்று எல்லோரும் நம்பிய காம்போசிட் அதிகம் வைத்திருந்த பிள்ளைகளுக்கு மனநிலை, பழக்கவழக்க மதிப்பெண்கள் கொஞ்சம் குறைவாக இருந்தன. காம்போசிட்தான் காரணம் என்று அந்த ஒரு கணக்கை வைத்து முடிவு கட்ட முடியாது. வித்தியாசமும் சிறியது. ஆனால் வெள்ளிக்குப் பயந்து ஓடியவர்கள் எதன்மேல் போய் நின்றார்கள் என்பதை இது யோசிக்க வைக்கிறது. அப்படியானால் வெள்ளியை ஏன் கைவிடுகிறார்கள்? முதன்மையான காரணம் சாக்கடையிலும் சுடுகாட்டுப் புகையிலும் கலந்து, ஏரிக்கும் மீனுக்கும் போகிற பாதரசம். அது நல்ல காரணம். இன்று பால் பல்லுக்குப் பெரும்பாலும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட் இருக்கிறது, அதில் பாதரசம் இல்லை. புதிதாக அடைப்பதானால் அதைக் கேளுங்கள். வாயில் நல்லபடியாக இருக்கிற பழைய வெள்ளி அடைப்பைத் தோண்டாதீர்கள். தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வெளிப்படும்.

உண்மையான ஆபத்து அடைக்காமல் விடுவதில்தான் இருக்கிறது. "விழப்போற பல்லுதானே" என்ற பேச்சை நம் வீடுகளில் எத்தனை முறை கேட்கிறோம்! பால் கடைவாய்ப்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. அது அழுகினால் பிள்ளை ஒரு பக்கமாக மெல்லும், இரவில் அழும், பள்ளிக்குப் போகாது. நாடளவிலான பல் ஆய்வு ஒன்றில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சொத்தை இருந்தது. போரூர், மதுரவாயல், வேலப்பன்சாவடி, முகப்பேர் என்று நம் பக்கம் பல் மருத்துவக் கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. அடைப்பு குறைந்த செலவில் முடியும். பிரிட்டனில் 1,144 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், துளையிட்டு அடைப்பது, துளையிடாமல் மூடி வைப்பது, வெறும் தடுப்பு முறைகள் என எதைச் செய்தாலும் நாற்பது சதவீதத்துக்கு மேலோ அதை ஒட்டியோ பிள்ளைகளுக்கு வலியோ சீழோ வந்தது. சொத்தை வந்தபிறகு எதுவும் முழுத் தீர்வாகாது. முதல் பல் முளைத்த நாளிலிருந்து ஃபுளோரைடு பேஸ்ட், காலையும் இரவும், மூன்று வயது வரை அரிசி மணி அளவு. இரவில் பால் புட்டியோடு தூங்க வைக்காதீர்கள்.

கர்ப்பிணிகளும் பல் டாக்டரிடம் போகலாம். ஈறில் ரத்தம் வருகிறது என்று பல் துலக்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வில், கர்ப்பத்தின்போது ஈறு சிகிச்சை செய்ததால் தாய்க்கோ குழந்தைக்கோ கெடுதல் வரவில்லை.

கடைசியாக, உங்களிடம் கேட்டுக்கொள்ள வந்தது இதுதான். எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போது, அரசு மருத்துவமனையானாலும் தெருமுனை நர்சிங் ஹோமானாலும், மூன்று கேள்வி கேளுங்கள். பிரசவத்தில் போகிற ரத்தத்தைப் பையில் அளக்கிறீர்களா? ஆக்சிடோசின் குளிர்பெட்டியில் இருக்கிறதா? நிலைமை மோசமானால் ரத்தம் எங்கிருந்து வரும், எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்? கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்க வேண்டாம், நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். இங்கே வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பிரசவம் நடக்கிற ஒவ்வோர் அறையிலும் அந்த அளவுப் பை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். இல்லாத இடத்தில் இந்த மாதமே வாங்கி வையுங்கள்.